முதலில் அந்த வரியைப் படியுங்கள்



பதிவு கொஞ்சம் நீளம். ஞாயிற்றுக்கிழமை சாவகாசமாகப் படியுங்கள். வீட்டில் பழைய லேப்டாப் ஒன்று பரணிலோ பீரோவிலோ கிடந்தால் கட்டாயம் கடைசி வரை படியுங்கள்.

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவை மைக்ரோசாப்ட் நிறுத்திவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் வரும். அதிலிருந்து நம் குடும்ப குரூப்பிலும் பழைய மாணவர்கள் குரூப்பிலும் ஒரே கேள்விதான். "டீச்சர், லேப்டாப் ரொம்ப ஸ்லோ. புது எஸ்.எஸ்.டி. வாங்கிப் போட்டேன். ஓ.எஸ். ஏற மாட்டேங்குது. என்ன பண்ணட்டும்?"

நான் உடனே ஒரு கேள்வி கேட்பேன். "ஸ்க்ரீன்ல என்னப்பா எழுதியிருக்கு?"

"ஏதோ எர்ரர் டீச்சர்."

"ஏதோன்னா? என்ன வார்த்தை?"

"கவனிக்கலை டீச்சர். கடைக்காரர் ஃபார்மட் பண்ணிடலாம்னு சொல்றார்."

பத்துப் பேரில் எட்டுப் பேர் இப்படித்தான் பதில் சொல்கிறார்கள். இந்தப் பதிவு எழுதக் காரணமே அந்த "ஏதோ எர்ரர்"தான். இத்தனைக்கும் அதில் பாதிப் பேருக்கு அ, ஆ எழுத்துக் கூட்டிப் படிக்கச் சொல்லிக்கொடுத்தவள் நான்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, கீழ் வகுப்புகளுக்கு எல்லாப் பாடமும் எடுத்து ஓய்வு பெற்றவள். கொரோனா காலத்தில் பேரனுக்கு ஆன்லைன் வகுப்பு வந்தபோது வீட்டில் இருந்த மிஷினை நானே திறந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்புறம் உறவுக்காரர்கள், தெருக்காரர்கள் என்று ஒவ்வொன்றாக வந்தது. இதுவரை பார்த்ததில் எனக்குப் புரிந்த ஒரே விஷயம் இதுதான். ஓ.எஸ். ஏறவில்லை என்றால் மிஷின் அநேகமாகக் காரணத்தையும் திரையில் எழுதிக் காட்டிவிடுகிறது. ஒரு வரி, மிஞ்சினால் இரண்டு வரி. அதை யாரும் படிப்பதில்லை. படிக்காமலே வைத்தியம் ஆரம்பித்துவிடுகிறோம்.

நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதே இல்லை. தறியில் இழை அறுந்தால் யாராவது பாவையே வெட்டி எறிவாரா? எந்த இழை அறுந்தது என்று விரலால் தேடி, அதை மட்டும் முடிபோட்டு நெசவைத் தொடர்வார். லேப்டாப் என்று வந்தால் மட்டும் முதல் இழை அறுந்ததுமே பாவை வெட்டச் சொல்கிறோம். அந்த வெட்டுக்குப் பெயர்தான் ஃபார்மட்.

இதனால் என்ன நஷ்டம் வந்துவிடப் போகிறது என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பிள்ளையார்பாளையத்தில் என்னிடம் படித்த பெண் ஒருத்தி. அவள் வீட்டுக்காரர் பட்டுப் புடவைக்கு பார்டர், முந்தானை டிசைன் வரைந்து கொடுப்பவர். முன்பெல்லாம் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக வரைவார்கள். இப்போது கம்ப்யூட்டரில். அவர் மிஷினில் புது எஸ்.எஸ்.டி.யும் பழைய ஹார்டு டிஸ்க்கும் இரண்டும் இருந்தன. பழையது சத்தம் போடுகிறது என்று அதைக் கழற்றினார். அவ்வளவுதான், மிஷின் கிளம்பவில்லை. பூட் ஆகக்கூடிய டிஸ்க் எதுவும் இல்லை என்ற அர்த்தத்தில் ஒரு வரி வந்தது. கடைக்குக் கொண்டுபோனார். அங்கே எஸ்.எஸ்.டி.யை ஃபார்மட் செய்து, புதிதாக விண்டோஸ் போட்டு, ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். மிஷின் நன்றாக ஓடுகிறது. சில வருஷங்களாக வரைந்த டிசைன் ஒன்றுகூட இல்லை.

அந்த வரிக்கு என்ன அர்த்தம் தெரியுமா? எஸ்.எஸ்.டி. கெட்டுப்போகவில்லை, அதில் இருந்த விண்டோஸும் கெடவில்லை. முதலில் விண்டோஸ் போட்டபோது இரண்டு டிஸ்க்கும் மாட்டியிருந்ததால், மிஷினைக் கிளப்பிவிடும் சின்னப் பகுதி மட்டும் பழைய டிஸ்க்கில் போய் உட்கார்ந்துகொண்டது. பழையதைக் கழற்றியதும் அதுவும் கூடவே போய்விட்டது. பழைய டிஸ்க்கை மறுபடி மாட்டியிருந்தாலே மிஷின் கிளம்பியிருக்கும். டிசைன்களை வேறு இடத்தில் எடுத்து வைத்துக்கொண்டு பிறகு எது வேண்டுமானாலும் செய்திருக்கலாம்.

"ஃபார்மட் ஆனதைத் திரும்ப எடுக்க சாஃப்ட்வேர் இருக்குதே" என்பீர்கள். பழைய ஹார்டு டிஸ்க்கில் ஓரளவு சரி. அதில் சுற்றும் தட்டில் காந்தப் பதிவாகத் தகவல் இருக்கும். வேகமான ஃபார்மட் செய்தால் அட்டவணை மட்டும்தான் அழியும், மேலே வேறு எதையும் எழுதாத வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். எஸ்.எஸ்.டி. அப்படி இல்லை. அது ஃபிளாஷ் நினைவகம். ஃபார்மட் செய்ததும் "இந்த இடங்கள் இனி தேவையில்லை" என்று விண்டோஸ் அதற்குச் சொல்லிவிடும். ட்ரிம் என்று இதற்குப் பெயர். எஸ்.எஸ்.டி.யும் உள்ளே இருக்கும் செல்களைத் தானாகவே துடைத்து வைத்துக்கொள்ளும். அதன் பிறகு மீட்பது அநேகமாக முடியாது. வேகத்துக்காக வாங்குகிறோம், ஆனால் அழிப்பதிலும் அதே வேகம்தான். ஹார்டு டிஸ்க் காலத்தில் ஃபார்மட் என்ற வார்த்தையை எவ்வளவு சாதாரணமாகச் சொன்னோமோ, எஸ்.எஸ்.டி. காலத்தில் அப்படிச் சொல்லக்கூடாது.

அந்த வீட்டில் பழைய ஜக்கார்டு அட்டைகள் பரணில் கட்டுக் கட்டாக இருக்கின்றன. ஓட்டை போட்ட அட்டைதான். எடுத்துத் தூசி தட்டித் தறியில் மாட்டினால் இன்றைக்கும் அந்த டிசைன் விழும். கம்ப்யூட்டரில் வரைந்த புது டிசைன்கள்தான் போயின.

சரி, புலம்பல் போதும். திரையில் வழக்கமாக வரும் வரிகளையும் அவற்றின் அர்த்தத்தையும் எனக்குத் தெரிந்த மட்டில் எழுதுகிறேன். ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஆரம்பிக்கும் முன் மூன்று வேலை. ஒன்று, போட்டோ, சான்றிதழ், கணக்கு எல்லாவற்றையும் வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். எடுத்ததைத் திறந்து பாருங்கள். இரண்டு, பழைய டிஸ்க்கைக் கழற்றி, மேலே பெயர் எழுதித் தனியே வையுங்கள். ஓ.எஸ். போடும்போது மிஷினுக்குள் புது எஸ்.எஸ்.டி. மட்டும்தான் இருக்க வேண்டும். அப்போது தவறான டிஸ்க்கை அழிக்க வழியே இல்லை. மேலே சொன்ன வீட்டுக்கு வந்த வினையும் வராது. மூன்று, விண்டோஸ் 11 மிஷின் என்றால் பிட்லாக்கர் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். புது லேப்டாப்கள் பலவற்றில் மைக்ரோசாப்ட் கணக்கில் நுழைந்ததுமே அது தானாகப் பூட்டிக்கொள்கிறது. அதன் சாவி 48 இலக்க எண். உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். சாவி இல்லாமல் அந்த டிஸ்க்கை வேறு மிஷினில் மாட்டினால் கதவு திறக்காது. பூட்டு போட்ட கம்பெனியாலும் திறக்க முடியாது.

1. "டிரைவ் எதுவும் கிடைக்கவில்லை" என்று வந்தால்:

உடனே எஸ்.எஸ்.டி.யைத் திருப்பிக் கொடுக்க ஓடாதீர்கள். மிஷினை அணைத்து, பயாஸ் திரைக்குப் போங்கள். ஆன் செய்ததும் எஃப்2 அல்லது டெலீட் பட்டனை அழுத்துவது வழக்கம், கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அங்கே எஸ்.எஸ்.டி.யின் பெயர் தெரிகிறதா?

தெரியவில்லை என்றால் கோளாறு மாட்டியதில் இருக்கலாம், அல்லது வாங்கிய வகையில் இருக்கலாம். நீட்டமாகச் சூயிங்கம் போல இருக்கிறதே, எம்.2 என்று சொல்கிறார்கள், அதில் இரண்டு ஜாதி உண்டு. ஒன்று சாட்டா, இன்னொன்று என்.வி.எம்.இ. பார்க்க ஒரே மாதிரி இருக்கும். ஒன்றுக்கான இடத்தில் மற்றொன்று பல மிஷின்களில் வேலை செய்யாது. உங்கள் லேப்டாப் மாடலுக்கு எது என்று பார்த்துத்தான் வாங்க வேண்டும். பழைய லேப்டாப்புகளுக்கு 2.5 அங்குல சாட்டா வகைதான் பொருந்தும்.

பயாஸில் தெரிகிறது, விண்டோஸ் போடும் திரையில் மட்டும் தெரியவில்லை என்றால், எஸ்.எஸ்.டி. நன்றாகவே இருக்கிறது. இன்டெல் 11ஆம் தலைமுறையிலிருந்து வரும் பல லேப்டாப்களில் வி.எம்.டி. என்று ஓர் அமைப்பு உண்டு. அதற்கான டிரைவர் விண்டோஸ் பென் டிரைவில் இருக்காது. லேப்டாப் கம்பெனியின் தளத்திலிருந்து ஐ.ஆர்.எஸ்.டி. டிரைவரை இறக்கி, பிரித்து, பென் டிரைவில் போட்டு, அதே திரையில் இருக்கும் "லோட் டிரைவர்" என்பதை அழுத்தினால் டிஸ்க் வந்து நிற்கும். இந்த ஒரு வரியைப் படிக்காமல், நல்ல எஸ்.எஸ்.டி.யைப் பழுது என்று திருப்பி அனுப்பியவர்கள் நம் குரூப்பிலேயே இருக்கிறார்கள்.

2. "இந்த டிஸ்க்கில் எம்.பி.ஆர். அட்டவணை இருக்கிறது, ஜி.பி.டி. டிஸ்க்கில்தான் விண்டோஸ் போட முடியும்" என்று வந்தால்:

பயமுறுத்தும் எழுத்துகள். விஷயம் சின்னது. டிஸ்க்கை அறைகளாகப் பிரித்து எழுதி வைக்கும் முறையில் பழையது எம்.பி.ஆர்., புதியது ஜி.பி.டி. புது மிஷினுக்குப் புது முறை வேண்டும். அந்தத் திரையிலேயே இருக்கும் பிரிவுகள் ஒவ்வொன்றையும் டெலீட் செய்து, எல்லாம் ஒரே காலி இடமாக வந்ததும் நெக்ஸ்ட் கொடுங்கள். மற்றதை விண்டோஸ் பார்த்துக்கொள்ளும். டெலீட் என்றால் டெலீட்தான். அதனால்தான் முதலிலேயே பழைய டிஸ்க்கைக் கழற்றச் சொன்னேன்.

3. பாதி ஏறியதும் ரீஸ்டார்ட் ஆகி, மறுபடியும் முதல் திரைக்கே வந்தால்:

இதில் எர்ரர் வரிகூட இருக்காது. மிஷின் பென் டிரைவிலிருந்தே மறுபடி கிளம்புகிறது. முதல் ரீஸ்டார்ட் ஆகும்போது பென் டிரைவைப் பிடுங்கிவிடுங்கள், அல்லது பயாஸில் எஸ்.எஸ்.டி.யை முதல் இடத்துக்குக் கொண்டுவாருங்கள். முடிந்தது.

4. "நெட்வொர்க்கில் இணையுங்கள்" என்று சொல்லிவிட்டு, வைஃபை பெயரே காட்டாமல் நின்றால்:

விண்டோஸ் 11 போடும்போது இணையம் கேட்கும். வைஃபைக்கான டிரைவர் அதற்குள் இல்லாவிட்டால் வழி அடைத்த மாதிரி நிற்கும். போனை சார்ஜர் ஒயரால் லேப்டாப்பில் இணைத்து, போன் செட்டிங்ஸில் யு.எஸ்.பி. டெதரிங்கை ஆன் செய்யுங்கள். ஒயர் வழியாகவே இணையம் போய்விடும்.

5. "இந்தக் கணினியில் விண்டோஸ் 11 இயங்காது" என்று வந்தால்:

இது கோளாறு இல்லை, மைக்ரோசாப்ட் போட்ட விதி. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் ஓரளவு புதிய பிராசஸரும் வேண்டும் என்கிறார்கள். சில மிஷின்களில் அந்தச் சிப் இருந்தும் பயாஸில் அணைத்து வைத்திருப்பார்கள். அதை மட்டும் ஆன் செய்து பாருங்கள். நிஜமாகவே இல்லை என்றால் லேப்டாப்பைத் தூக்கி எறிய வேண்டாம். லினக்ஸ் போடுங்கள். இதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

6. ஓ.எஸ். பழையதிலேயே இருக்கிறது, கூடுதலாக மாட்டிய புது எஸ்.எஸ்.டி. மட்டும் தெரியவில்லை என்றால்:

புது டிஸ்க் கோடு போடாத நோட்டு மாதிரி வரும். டிஸ்க் மேனேஜ்மென்ட் என்ற இடத்துக்குப் போனால் "இனிஷியலைஸ்" செய்யச் சொல்லிக் கேட்கும். ஜி.பி.டி. என்று தேர்ந்தெடுத்து, ஒரு பிரிவு உருவாக்கினால் வந்துவிடும். அங்கே பழைய டிஸ்க்கும் பக்கத்திலேயே தெரியும். அளவைப் பார்த்து, எது புதியது என்று உறுதி செய்துகொண்டு கை வையுங்கள்.

7. "256 ஜி.பி. என்று வாங்கினேன், 238 தான் காட்டுகிறது, ஏமாற்றிவிட்டார்கள்" என்றால்:

யாரும் ஏமாற்றவில்லை. கம்பெனிக்காரர் 1000 பைட் ஒரு கே.பி. என்று எண்ணுகிறார். விண்டோஸ் 1024 என்று எண்ணுகிறது. 256ஐ மூன்று முறை 1000ஆல் பெருக்கி, மூன்று முறை 1024ஆல் வகுத்துப் பாருங்கள். 238.4 வரும். வீட்டில் ஆறாவது ஏழாவது படிக்கும் பிள்ளை இருந்தால் அதற்குக் கணக்காகக் கொடுங்கள்.

ஏழு ஆயிற்று. இவற்றில் எந்த இடத்திலாவது பெரிய படிப்பு தேவைப்பட்டதா? படிக்கவும், படித்ததை நம்பவும், ஒவ்வொன்றாகச் செய்து பார்க்கவும் தெரிந்தால் போதும். ஒரே நேரத்தில் நான்கு மாற்றம் செய்யாதீர்கள். ஒன்று செய்யுங்கள், என்ன ஆயிற்று என்று பாருங்கள், எழுதி வையுங்கள், அடுத்ததற்குப் போங்கள்.

"எல்லாரும் மெக்கானிக் ஆக வேண்டுமா டீச்சர்?" என்று என் தங்கை மகன் கேட்டான். வேண்டியதில்லை. டாக்டரிடம் போகும்போது "உடம்பு சரியில்லை" என்று மட்டும் சொல்லாமல், எங்கே வலி, எப்போதிலிருந்து என்று சொல்கிறோமே, அந்த அளவு தெரிந்தால் போதும். கடையில் திரை வரியைப் போட்டோ எடுத்துக் காட்டுங்கள். "டேட்டா இருக்கிறது, கேட்காமல் ஃபார்மட் பண்ணாதீங்க" என்று வாயால் சொல்லாமல் ஒரு தாளில் எழுதி மிஷின் மேல் ஒட்டுங்கள். இன்னொன்று. விண்டோஸ் 8 காலத்திலிருந்து வந்த லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் விண்டோஸ் லைசன்ஸ் மதர்போர்டிலேயே பதிந்திருக்கிறது. டிஸ்க் மாற்றினாலும் அதே பதிப்பைப் போட்டால் தானாக ஆக்டிவேட் ஆகும். புது டிஸ்க்குக்குப் புது கீ வாங்க வேண்டும் என்று யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

கடைக்காரர்களை நான் குறை சொல்ல வரவில்லை. அவர்களிலும் என்னிடம் படித்தவர்கள் உண்டு. ஒரு நாளைக்கு இருபது மிஷின் வந்தால், உட்கார்ந்து காரணம் தேட அவர்களுக்கு நேரம் எங்கே? ஃபார்மட் செய்தால் எந்தக் கோளாறாக இருந்தாலும் சரியாகிவிடும். காரணம் தேடியதற்குக் கூலி கொடுக்க வாடிக்கையாளரும் தயாராக இல்லை. "ஒரு பட்டன்தானே தட்டினே, அதுக்கா இவ்வளவு?" என்று பேரம் பேசுகிறோம். எந்தப் பட்டன் என்று கண்டுபிடித்ததற்குத்தான் காசு என்று நாமும் புரிந்துகொள்ள வேண்டும்.

இனி நான் சொல்ல வந்த பெரிய விஷயம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில், திருவள்ளூர் மாவட்டத்தில் முதலமைச்சர் ஜெயலலிதா மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். அதன் பிறகு லட்சக்கணக்கான பிள்ளைகள் கையில் லேப்டாப் வந்தது. நம் ஊரில் தறி வீட்டுப் பிள்ளைகள் முதல் முறையாக ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டது அப்போதுதான். எல்காட் வாங்கிக் கொடுத்த அந்த மிஷின்களில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் சேர்த்துப் போட்டிருந்தார்கள். அது நம் நாட்டு சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸிலிருந்து உருவாக்கிய ஓ.எஸ். எத்தனை பேர் அதை ஒரு முறையாவது திறந்து பார்த்தீர்கள்?

அந்த லேப்டாப்புகளில் எத்தனையோ இன்றைக்கு "செத்துப்போச்சு" என்று பரணில் கிடக்கின்றன. நான் பார்த்த பெரும்பாலானவற்றில் செத்தது ஹார்டு டிஸ்க் மட்டும்தான். சின்ன எஸ்.எஸ்.டி. ஒன்று போட்டு, லேசான லினக்ஸ் ஒன்று ஏற்றினால், பத்தாவது படிக்கும் பிள்ளை தட்டச்சு பழக, பாட வீடியோ பார்க்க, கணக்கு வழக்கு எழுதப் போதும். பணம் கொடுத்து வாங்க முடியாத வீட்டில் இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நம் தெருவில் இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மிகப் பழைய மாடலில் ராம் குறைவாக இருக்கும், அதில் அதிகம் எதிர்பார்க்கக் கூடாது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

லினக்ஸைப் பற்றி இன்னொரு காரணத்துக்காகவும் சொல்கிறேன். விண்டோஸ் போட்டு முடித்த பிறகு தமிழைச் சேர்த்துக்கொள்ளலாம், ஆனால் போடும் திரை தமிழில் வருவதில்லை. டெபியன் லினக்ஸில் முதல் திரையிலேயே தமிழ் என்று தேர்ந்தெடுத்தால், அதன் பிறகு வரும் கேள்விகள் தமிழில் வரும். தமிழ் தெரிந்த தன்னார்வலர்கள் சம்பளம் வாங்காமல் உட்கார்ந்து மொழிபெயர்த்து வைத்திருக்கிறார்கள். நம் பிள்ளைகள் அந்த வரியைப் படிக்காமல் போவதற்கு ஒரு பாதிக் காரணம் ஆங்கிலம். பன்னிரண்டு வருஷம் ஆங்கிலப் பாடம் படித்த பிள்ளை கட்டுரையை மனப்பாடமாக எழுதுவான். ஆனால் திரையில் இரண்டு வரி ஆங்கிலம் வந்தால் கண்ணை மூடிக்கொள்கிறான். அவன் மேல் தப்பில்லை. ஆங்கிலம் என்றால் பரீட்சையில் எழுதுவது என்றுதான் நாம் பழக்கியிருக்கிறோம். தனக்கு ஒரு செய்தி சொல்ல வரும் மொழி என்று யாரும் பழக்கவில்லை. இப்போதைக்குக் கையில் இருக்கும் வழி, போனில் கூகுள் லென்ஸைத் திறந்து திரைக்கு நேரே காட்டுங்கள். அரைகுறையாகவாவது தமிழில் சொல்லும். அரைகுறை அர்த்தம்கூட "ஏதோ எர்ரர்" என்பதை விட ஆயிரம் மடங்கு மேல்.

2025-26 நிதிநிலை அறிக்கையில், இரண்டு ஆண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. நல்ல காரியம், மனதார வரவேற்கிறேன். ஆனால் மிஷினோடு இரண்டு விஷயமும் சேர்த்துக் கொடுத்தால்தான் அது முழுமையாகும் என்பது என் கருத்து.

ஒன்று, ஒரு தாள். அடிக்கடி வரும் பத்து எர்ரர் வரிகள், எதிரே தமிழில் அர்த்தம், என்ன செய்ய வேண்டும், என்ன செய்யக் கூடாது. பெட்டியோடு சேர்த்து வைத்தால் செலவு ஒன்றுமில்லை.

இரண்டு, ஒரு பீரியட். பதினொன்றாம் வகுப்புக் கணினி அறிவியல் புத்தகத்தில் இயக்க அமைப்பு பற்றிப் பாடம் இருக்கிறது. இயக்க அமைப்பு என்றால் என்ன, அதன் பணிகள் யாவை என்று பிள்ளைகள் நன்றாகவே எழுதுகிறார்கள். அதோடு ஒவ்வொரு பிள்ளையும் பள்ளி முடிப்பதற்குள் ஒரு முறையாவது தன் கையால் ஒரு பழைய மிஷினில் ஓ.எஸ். போட்டிருக்க வேண்டும். வேண்டுமென்றே ஏறாத மாதிரி ஒன்றை ஆசிரியர் செய்து வைக்கட்டும். என்ன வரி வந்தது, என்ன புரிந்தது, என்ன செய்தாய் என்று நோட்டில் எழுதச் சொல்லட்டும். ஏறியதா இல்லையா என்பதற்கு மதிப்பெண் வேண்டாம், அந்த நோட்டுக்குக் கொடுக்கட்டும். பழைய மிஷினுக்குப் பஞ்சமா? ஊரில் பாதிப் பரணில் இருக்கிறது.

இதற்கு எதிராகச் சொல்வார்கள், இனி எல்லாமே போனில்தான், எல்லாமே கிளவுடில்தான், டிஸ்க்கை யார் கழற்றப் போகிறார்கள் என்று. இருக்கலாம். ஆனால் "ஏதோ வந்தது, கவனிக்கவில்லை" என்ற பழக்கம் லேப்டாப்போடு நிற்பதில்லை. பேங்கிலிருந்து வரும் குறுஞ்செய்தி, ஆஸ்பத்திரி ரிப்போர்ட், கடன் பத்திரத்தில் சின்ன எழுத்து, எதையும் படிக்காமல் "சரி" அழுத்துவதும், படிக்காமல் அடுத்தவர் கையில் கொடுப்பதும் அதே பழக்கம்தான். ஓ.எஸ். போடும்போது அந்தப் பழக்கத்தை மாற்றிப் பழகினால் நஷ்டம் குறைவு, காப்பி எடுத்து வைத்திருக்கிறோம் அல்லவா? கடன் பத்திரத்துக்கு அப்படிக் காப்பி கிடையாது.

டிசைன் வரையும் குடும்பங்களுக்கும், போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர்களுக்கும் கடைசியாக ஒரு வார்த்தை. எஸ்.எஸ்.டி. என்பது ஓடும் மிஷினுக்கு நல்லது, பெட்டியில் பூட்டி வைக்க ஏற்றதல்ல. மின்சாரமே இல்லாமல் வருஷக்கணக்கில் கிடந்தால் அதில் உள்ளதை முழுசாக நம்ப முடியாது. ஆகவே வாழ்நாள் உழைப்பை ஒரே எஸ்.எஸ்.டி.யில் வைக்காதீர்கள். ஒரு காப்பி மிஷினில், ஒரு காப்பி வெளி ஹார்டு டிஸ்க்கில், ஒரு காப்பி வேறொரு வீட்டில் அல்லது இணையத்தில். பண்டிகைக்கு வீடு துடைக்கும்போது இதையும் ஒரு முறை திறந்து பார்க்கிற வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள்.

யாருக்காவது ஓ.எஸ். ஏறவில்லை என்றால் கமென்ட்டில் எழுதுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். எனக்குத் தெரியாததை, பெங்களூரிலும் அமெரிக்காவிலும் இருக்கும் நம் பழைய மாணவர்கள் சொல்வார்கள். ஒரே ஒரு நிபந்தனை. திரையில் வந்த வரியை ஒரு எழுத்து விடாமல் எழுதுங்கள், அல்லது தெளிவாகப் போட்டோ எடுத்துப் போடுங்கள். "டீச்சர், ஏதோ எர்ரர்" என்று மட்டும் எழுதினால் பதில் வராது.

பரணில் லேப்டாப் வைத்திருப்பவர்கள் இந்த வாரம் கீழே இறக்குங்கள். சரிசெய்தபின் உங்களுக்குத் தேவையில்லை என்றால் தெருவில் படிக்கும் பிள்ளை ஒன்றுக்குக் கொடுங்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
காஞ்சிபுரம்